இறங்காத ஆணிகள்

கோழிக்கூண்டுக்கு வரைபடம் போட்ட ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடிக்கிற சென்ட்ரிங்காரர் போட்டார். காகிதத்தில் இல்லை, கொல்லைப்புறச் சுவரில், கரித்துண்டால். ஒரு நாள் கூண்டு கிழக்கே பார்த்து நிற்கும், மறுநாள் தெற்கே திரும்பிவிடும். ஒரு நாள் அதற்குக் கால் முளைக்கும், இன்னொரு நாள் கால் போய்ச் சக்கரம் வந்துவிடும். அழித்து அழித்து வரைந்ததில் சுவர் கறுத்துப்போனதே தவிர, தரையில் ஒரு பலகை விழுந்தபாடில்லை.

அவர் மனைவி மடிப்பக்கா வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்கதவில் சாய்ந்துகொண்டு தினமும் இதைத்தான் பார்த்தாள். மடிப்பக்கா என்பது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர். காலையில் அவளுக்குச் சுத்தப் பக்கம். துவைத்துக் காய்ந்து வருகிற விரிப்புகளையும் தலையணை உறைகளையும் மடித்து அடுக்க வேண்டும். அவள் மடித்த விரிப்பைப் பிரித்தால் மடிப்புக்கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும். மதியத்துக்கு மேல் அழுக்குப் பக்கம். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வருவதை அவிழ்த்து, உதறி, அலசி, மெஷினுக்குள் தள்ள வேண்டும். எதை உதறுகிறோம், எதை அலசுகிறோம் என்று யோசித்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. கழுத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை கனத்த ரப்பர் ஏப்ரன். அதை மாட்டிக்கொண்டால் உடம்பு புழுங்கும், மாட்டாவிட்டால் நனையும்.

இரண்டு பக்கமும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் அங்கே வேறு யாரும் இல்லை. அவளும் விரும்பிப் பார்க்கவில்லை. கட்டட வேலையில் முட்டு நழுவி, அடித்துக்கொண்டிருந்த பலகையோடு சேர்ந்து புருஷன் கீழே வந்ததிலிருந்து இப்படி. வலது தோள் எலும்பு நொறுங்கி, சேர்த்துக் கட்டி, கட்டும் பிரித்தாயிற்று. கை தேறிக்கொண்டு வருகிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மழை விட்டதும் பெரிய கட்டடம் ஒன்று ஆரம்பிக்கப் போவதாகவும், கை தேறிவிட்டால் முதல் ஆளாக அவரைத்தான் கூப்பிடுவதாகவும் மேஸ்திரி சொல்லியிருந்தார். "மழை விடுற வரைக்கும்தான் சார்," என்று சூப்பர்வைசரிடம் சொல்லி அவள் அழுக்குப் பக்கத்தை ஒப்புக்கொண்டாள். மழை விட வேண்டும், அவர் கை மேலே போக வேண்டும், அந்த ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டு மதியத்தில் வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படுக்க வேண்டும். அவளுக்கு இந்த உலகத்தில் வேறு ஒரு ஆசையும் மிச்சம் இல்லை.

கோழி அவள் கேட்டதும் இல்லை. சலவைக்கூடத்தில் இஸ்திரி மெஷினில் நிற்கிற அக்கா, வேலையை விட்டுவிட்டு மகன் வீட்டோடு போகிறாள். மகன் வீடு மாடியில். அவள் வளர்த்த நாலு கோழிக்கும் அங்கே இடமில்லை.

"கறி போடுறவன்கிட்ட குடுக்க மனசு வரல மடிப்பக்கா. நீ வச்சுக்க. ஆனா கூண்டு ஒழுங்கா இருக்கணும். பாத்துட்டுத்தான் குடுப்பேன்," என்றாள் இஸ்திரி அக்கா.

வீட்டில் வந்து சொன்னபோது சென்ட்ரிங்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பல மாதமாக அவர் அப்படி நிமிர்ந்து அவள் பார்க்கவில்லை. அதனால்தான் சரி என்றாள். இல்லாவிட்டால் இருக்கிற பாட்டில் கோழி வேறு எதற்கு.

"எங்கே, இன்னிக்கு எந்தப் பக்கம் பாக்குது உங்க மாளிகை?" என்று கேட்டாள், கதவில் சாய்ந்தபடி.

"கிழக்கதான். காலை வெயில் உள்ள போகணும். மேக்கால சாரல் அடிக்கும், அந்தப் பக்கம் முழுப் பலகை. முன்னால கம்பி வலை. தரையிலருந்து ஒரு முழம் தூக்கணும், இல்லன்னா ஈரம் ஏறும்."

"இதையேதான் நேத்தும் சொன்னீங்க."

"நேத்து வாசல் அகலம் சரியா வரல."

"கோழி நுழையறதுக்கு வாசல் அகலம் என்னங்க. அது என்ன பீரோவா தூக்கிட்டு வரப்போகுது?"

பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். பஸ்ஸை விட்டு இறங்கினாரே தவிர, எல்லோரையும் முன்னால் நகரச் சொல்கிற வேலையை விடவில்லை.

"என்னப்பா, அஸ்திவாரம் தோண்டியாச்சா? லிப்ட் வைக்கிறியா, படிதானா?"

"உங்களுக்கு ஒரு ரூம் ஒதுக்கியிருக்கு அண்ணே. அதான் லேட் ஆகுது," என்றார் சென்ட்ரிங்காரர், திரும்பாமல்.

மடிப்பக்காவுக்கு வாயோரம் லேசாக இளகியது. சிரிப்பு வரை போகவில்லை. கால் கடுத்தது.

அந்தச் சுவரில் கூண்டின் படத்துக்கு அடியில் வேறு கோடுகளும் இருந்தன. தோளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த டாக்டரம்மா, சுவரில் விரல்களை எறும்பு ஏறுகிற மாதிரி மேலே நடத்திக்கொண்டு போகச் சொல்லியிருந்தாள். கை எட்டுகிற இடத்தில் ஒவ்வொரு வாரமும் அவர் ஒரு கரிக்கோடு போடுவார். ஆரம்பத்தில் இடுப்பு உயரத்தில் ஒன்று, விலா உயரத்தில் ஒன்று, மார்பு உயரத்தில் ஒன்று என்று கோடுகள் ஏணிப்படி போல ஏறின. அவள் வந்ததும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். இப்போது படத்தின் கூரை அந்தக் கோடுகளின் மேல் உட்கார்ந்திருந்தது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுவரில் வேறு இடம் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு வழியாகப் பலகை விழுந்தது. மேஸ்திரி கழித்துப் போட்ட பழைய சென்ட்ரிங் பலகைகள் மதிலோரம் கிடந்தன. சிமெண்ட் பொருக்கும், பூசிப் பூசி ஊறிய பழைய ஆயில் வாடையுமாக இருந்தவை. அந்த ஆயில் கோழிக்கு ஆகாது என்று சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, வெயில் வந்தபோதெல்லாம் புரட்டிப் புரட்டிக் காயவைத்தார். சிமெண்டைச் சுரண்டினார். பூனை கால் விடாதபடி நெருக்கமான வலையாகப் பார்த்து வாங்கிவந்தார். அதிலெல்லாம் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கை வேலையில் எப்போதும் ஒரு பதவிசு உண்டு.

ஆனால் வேலை எல்லாம் அவள் இல்லாதபோதுதான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருந்தால் சுத்தியலைத் தொட மாட்டார். "இன்னிக்கு நீ ரெஸ்ட் எடு, சத்தம் வேணாம்," என்பார். பலகையைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கண்டக்டர் மதிலைச் சுற்றிக்கொண்டு வந்தபோது வாசலோடு அனுப்பிவிட்டார்.

கண்டக்டர் அதை மனதில் வைத்துக்கொண்டு அவளிடம் சொன்னார். "காலைலருந்து டொக்கு டொக்குன்னு ஒரே தட்டுதாம்மா. ஒரு ஆணிக்கு இவ்வளவு தட்டு தட்டுனா ஆணிக்கே வலிக்கும்."

"ரொம்ப நாள் கழிச்சு சுத்தியலைத் தொடறாரு அண்ணே. கை பழகணும்ல," என்றாள் அவள்.

கூண்டு முடிந்த அன்று அவள் வரும்போது மாலை வெளிச்சம் இருந்தது. சென்ட்ரிங்காரர் குளித்து, தலை சீவி, சட்டை போட்டுக்கொண்டு கொல்லையில் நின்றார். ஏதோ பெரிய மனிதர் திறந்துவைக்க வரப்போகிற மாதிரி. கூண்டு ஒரு முழம் உயரக் கால்களில் நின்றது. கிழக்கே வலை, மேற்கே பலகை, சரிவாகத் தகரக் கூரை. உள்ளே குறுக்கே உட்காரக் கம்பு. முட்டையிட ஒரு மூலையில் பழைய மரப்பெட்டி. அதற்குப் பின்பக்கம் தனியாக ஒரு குட்டிக் கதவு, கை விட்டு முட்டை எடுக்க. கூண்டைச் சுற்றி வலை கட்டி, கோழி கிளறுவதற்கு மண்ணைக் கொத்திப் பரப்பியிருந்தார். அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். உண்மையாகவே நன்றாக இருந்தது.

அப்புறம்தான் ஆணிகளைப் பார்த்தாள். பலகைக்குப் பலகை, மூலைக்கு மூலை, எல்லா ஆணியும் அரைக்கு அரை வெளியே தலையை நீட்டிக்கொண்டு நின்றன.

"என்னங்க இது, ஆணியெல்லாம் எட்டிப் பாக்குது?"

அவர் ஒரு ஆணித் தலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு சொன்னார்: "தலை வெளிய இருந்தாத்தானே பிடுங்க வரும். பிரிக்கிற அன்னிக்குச் சுலபமா இருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சென்ட்ரிங் அடிக்கிறவர்களின் பழக்கம் அது. கான்கிரீட் இறுகினதும் பலகையைப் பிரித்தாக வேண்டும் என்பதால் ஆணியை முழுதாக இறக்க மாட்டார்கள், தலையைக் கொஞ்சம் விட்டுவைப்பார்கள். ஆயுசு முழுக்கப் பிரிப்பதற்காகவே அடித்த மனிதர், கோழிக்கூண்டையும் பிரிப்பதற்கென்றே அடித்து வைத்திருக்கிறார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வந்து, மூச்சு முட்டி, இருமல் வந்த பிறகும் சிரித்தாள்.

"யாரு பிரிக்கப் போறாங்க? கோழிங்க மேல கான்கிரீட் ஊத்தப் போறீங்களா?"

"ஊத்தலாம். நாலு கோழியும் நாளைக்குச் சிலையா நிக்கும்," என்றார் அவர். ஆனால் அவர் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாரக் கடைசியில் இஸ்திரி அக்கா ஆட்டோவில் கோழிகளோடு வந்து இறங்கினாள். இரண்டு கூடை, கூடைக்கு இரண்டு. பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி கூண்டைக் குனிந்து பார்த்து, நிமிர்ந்து பார்த்து, கம்பை ஆட்டிப் பார்த்து, முட்டைக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. இந்த ஆணி ஏன் இப்படி?"

"அது அவரு கம்பெனி ஸ்டைல்," என்றாள் மடிப்பக்கா.

"என்னமோ போ. றெக்கை கிழியாம இருந்தா சரி. ஆனா மண்ணைப் பாத்துக்கங்க. கீழ ஆணி, குண்டூசி, கம்பித்துண்டு எதுவும் கிடக்கக் கூடாது. பளபளன்னு எதைப் பாத்தாலும் இதுங்க முழுங்கிடும். எனக்கு ஒண்ணு அப்படித்தான் செத்துச்சு."

சென்ட்ரிங்காரர் தரையைப் பார்த்தார். "மண்ணை நான் பாத்துக்கறேன்கா."

பழுப்பில் இரண்டு, கறுப்பு ஒன்று, கழுத்தில் சிறகில்லாத ஒன்று. அந்தக் கழுத்து மொட்டைதான் எல்லாவற்றுக்கும் தலைவி. வந்த அன்றே வலைக்குள் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டைத் தனக்கு எழுதிக் கொடுத்தாயிற்று என்கிற மிதப்போடு மண்ணைக் கிளற ஆரம்பித்தது. இஸ்திரி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலையில் மேஸ்திரி வந்தார். அன்று சலவைக்கூடத்தில் கொதிகலன் பழுது என்று மடிப்பக்காவைத் தாமதமாக வரச் சொல்லியிருந்தார்கள். வந்தவருக்கு அவள் டீ போட்டு, கூண்டுப் பெட்டியில் கிடைத்த முட்டையையும் பொரித்துக் கொடுத்தாள். மேஸ்திரி தட்டோடு பின்கதவு வரை வந்தார். தூறல் விழுந்ததால் கொல்லையில் இறங்கவில்லை. அங்கிருந்தே கூண்டைப் பார்த்தார்.

"நீ அடிச்சதா?"

"ம்."

"ஆணித் தலையைப் பாரு. பழக்கம் விடல ஒனக்கு," மேஸ்திரி சிரித்தார். "கை எப்படி இருக்குன்னு கேக்கலாம்னுதான் வந்தேன். இதைப் பாத்தப்புறம் என்ன கேக்கறது. கூண்டு அடிச்ச கை ஸ்லாப் அடிக்காதா? திங்கக்கிழமை வந்துரு. முதல்ல அடித்தளம்தான், அப்புறம் மேல போகலாம். என்ன சொல்ற?"

சென்ட்ரிங்காரர் மனைவியைப் பார்த்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி அவள் நின்ற நிற்பையும், வீங்கிய கணுக்காலையும் பார்த்தார். "வர்றேன் மேஸ்திரி," என்றார்.

அன்றைக்கு அழுக்குப் பக்கம் முடிந்ததும் அவள் சூப்பர்வைசர் அறைக்கு முன்னால் போய் நின்றாள். நாளையிலிருந்து மதியத்துக்கு மேல் வேண்டாம் என்றாள். அழுக்குப் பக்கத்துக்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்று அந்த மனிதர் முணுமுணுத்துவிட்டு, தேடிப் பார்ப்பதாகச் சொன்னார். கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்த ஏப்ரனை எப்போதும்போல வாசல் பக்கத்தில் தொங்கவிடவில்லை. முன்பக்கமும் பின்பக்கமும் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, எத்தனையோ விரிப்பு மடித்த கையால் அதையும் நான்காக மடித்து, துணிப்பெட்டியின் அடியில் வைத்தாள். மறுபடியும் தேவைப்படாது என்பதற்காக இல்லை. கண்ணில் படக் கூடாது என்பதற்காக.

மறுநாள் மதியம் அவள் வீட்டுக்கு வந்தாள். தெருவில் வெயில் இருந்தது. வெயிலில் வீடு திரும்புவது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. அவர் வீட்டில் இல்லை. சுத்தியலுக்குப் புதுப் பிடி போடப் போயிருப்பதாகக் கண்டக்டர் சொன்னார். சோறு ஆக்கி மூடிவைத்திருந்தது. சாப்பிட்டாள். பாயை விரித்துப் படுத்தாள். தூக்கம் அடித்துப் போட்ட மாதிரி வந்தது. விழித்தபோதும் வெளிச்சம் இருந்தது. இன்னும் பகல் மிச்சம் இருக்கிறது என்ற நினைப்பே அவளுக்குச் சுகமாக இருந்தது.

முகம் கழுவிக்கொண்டு, ஒரு டீயும் போட்டுக்கொண்டு, கொல்லைப்படியில் உட்கார்ந்தாள். கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. கழுத்து மொட்டை மட்டும் முட்டைப் பெட்டிக்குக் கீழே, பின்பக்கத்தில், ஒரே இடத்தை ஆழமாகத் தோண்டிக்கொண்டிருந்தது. புழு அகப்பட்டிருக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அது மூக்கால் எதையோ கொத்தி இழுத்தது. விட்டது. மறுபடி கொத்தியது. வெயிலில் அது மினுங்கியது.

இஸ்திரி அக்கா சொன்னது ஞாபகம் வந்து, டீயை வைத்துவிட்டு ஓடினாள். கோழியை விரட்டிவிட்டுக் கையில் எடுத்தாள். ஆணி. துருப்பிடிக்காத புது ஆணி, நடுவில் மடங்கி, கொக்கி மாதிரி ஆகியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று. உட்கார்ந்து கையால் மண்ணை அள்ளினாள். வந்துகொண்டே இருந்தன. ஒரு பக்கம் சாய்ந்தவை, இரண்டாக மடங்கியவை, தலை பிய்ந்தவை. புடவைத் தலைப்பில் போட்டுப் போட்டு மடி கனத்தது.

அவள் அந்த ஆணிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்யாணமான புதிதில் அவர் பீற்றிக்கொண்டது உண்டு. "என் கைக்கு ஆணி வளையாது. ரெண்டு அடி. மூணாவது அடிக்கு இடமே இருக்காது." பலகை பிரித்த ஆணிகளைத் தகர டப்பாவில் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமை கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவார். சென்ட்ரிங் அடிக்கிறவன் ஆணியைத் தூக்கிப் போட மாட்டான். வளைந்தால் நிமிர்த்துவான். புதைக்க மாட்டான்.

எழுந்து கூண்டின் பக்கத்தில் போனாள். நீட்டிக்கொண்டிருந்த ஆணிகளை இந்த முறை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சுற்றிலும் பலகையில் சுத்தியல் தவறி விழுந்த வட்ட வட்டக் குழிகள். சென்ட்ரிங்கில் தலை மட்டும்தான் வெளியே நிற்கும். இவை பாதிக்குப் பாதி நின்றன. சுவரைப் பார்த்தாள். கூரைப் படத்துக்குக் கீழே, கையின் கோடுகள் தோள் உயரத்தோடு நின்றுபோயிருந்தன. பிரிப்பதற்காக விட்ட ஆணிகள் இல்லை இவை. இறக்க முடியாமல் விட்ட ஆணிகள்.

மடியில் இருந்த ஆணிகளைக் கொண்டுபோய்ப் படிக்கு முன்னால் கொட்டினாள்.

அவர் புதுப் பிடி போட்ட சுத்தியலோடு வந்தபோது அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் தரையில் ஆணிகள் குவிந்திருந்தன. அவர் பார்த்தார். சுத்தியலை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றி, மறுபடி இடது கைக்கே மாற்றினார்.

"கையைத் தூக்குங்க," என்றாள்.

"எதுக்கு இப்ப?"

"தூக்குங்க."

தூக்கினார். தோள் வரை வந்தது. அதற்கு மேல் உடம்புதான் இடது பக்கம் சாய்ந்ததே தவிர கை போகவில்லை.

"சுத்தியலைப் பிடிச்சா?"

"பிடிக்க வருது. அடிச்சா விரல் விட்டுடுது. நாலு அடிக்கு ஒருக்கா கீழ விழுது." நின்றுகொண்டே சொன்னார். "இடது கையால அடிச்சுப் பாத்தேன். அதுக்கு ஆணி எங்க இருக்குன்னே தெரியல."

"எப்பலருந்து தெரியும் உங்களுக்கு?"

"மழைக்கு முன்னாடியே. இதுக்கு மேல வராதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நான்தான் நம்பல. ஒரு கூண்டு அடிச்சுப் பாத்துருவோம்னு நெனச்சேன். கூண்டு அடிக்க முடிஞ்சா மத்ததும் முடியும்னு."

"அதைத் தெரிஞ்சுக்கிட்டா மேஸ்திரிகிட்டத் தலையாட்டினீங்க? திங்கக்கிழமை அங்க போய் என்ன பண்ணுவீங்க? அடுத்த மாசம் மேல ஏறி நிக்கும்போது விரல் விட்டுடுச்சுன்னா?" அவள் குரல் உயரவில்லை. உயர்த்தத் தெம்பில்லை. "சுத்தியல் கீழ ஒருத்தன் தலையில விழும். இல்ல நீங்களே விழுவீங்க. அன்னிக்குத் தோளோட போச்சு."

"சமாளிச்சுக்கலாம்னு நெனச்சேன்."

"எதை வச்சு சமாளிப்பீங்க?"

கழுத்து மொட்டை தன் குழிக்கே திரும்பி வந்து மறுபடி கிளற ஆரம்பித்தது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். கூண்டு முடிஞ்ச அன்னிக்கு. குளிச்சிட்டு நின்னேன்ல, அதுக்குத்தான் நின்னேன். ஆணியைப் பாத்து நீ கேப்பே, சொல்லிடலாம்னு. நீயும் கேட்டே. வாயில வந்தது வேற. பிரிக்கிறதுக்குன்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்." அவர் படியின் மறுகோடியில் உட்கார்ந்தார். "நீ சிரிச்சே. அப்படி நீ சிரிச்சு எத்தனை காலம் ஆச்சு. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?"

அவளுக்குக் கோபம் வந்தது. ஏமாற்றியதற்காக வந்தது, தன் சிரிப்பின் மேலேயே பழி வந்து விழுந்ததற்காகவும் வந்தது. ஆனால் அந்தக் கோபமும் கொஞ்ச தூரம் போய் உட்கார்ந்துவிட்டது. சற்று முன் தூங்கி எழுந்த அந்தச் சுகம் இன்னும் கண் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. ருசி காட்டாமலே இருந்திருக்கலாம். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. களைப்புதான் வந்தது, போனது போல் போய்விட்டு, தன் இடத்துக்குத் திரும்பி வந்தது.

"மேஸ்திரிக்கு யாரு சொல்றது?" என்று கேட்டாள் கடைசியில்.

"நானே சொல்றேன்."

அவள் எதிரிலேயே போன் போட்டார். "மேஸ்திரி, என்னை எதிர்பாக்காதீங்க. இல்ல, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. கை வராது. இல்ல மேஸ்திரி, அடுத்த மாசமும் இல்ல. இனிமே வராது." அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். "இருக்கட்டும், பாத்துக்கலாம்," என்று சொல்லி வைத்துவிட்டார். "இனிமே" என்ற சொல்லை அவர் தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. போனை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. தன்னை நினைத்தும் பாவமாக இருந்தது. இரண்டில் எது கூட என்று அவளால் சொல்ல முடியவில்லை.

மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. காற்றில் தகரம் ஒரு முறை தடதடத்தது. கூண்டின் முதுகுப் பலகை ஒன்று விலகி விலகி மூடியது.

மடிப்பக்கா எழுந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, படியில் கிடந்த சுத்தியலை எடுத்தாள். புதுப் பிடி வழவழவென்று இருந்தது.

"நீ எதுக்கு? விடு, கண்டக்டரைக் கூப்பிடறேன்."

"வேணாம். வந்து பலகையைப் பிடிங்க."

அவர் வந்து இடது கையாலும் தோளாலும் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவள் முதல் அடி அடித்தாள். ஆணியில் படாமல் பலகையில் பட்டது.

"ஓங்காத. கையை லூசா விடு. சுத்தியலோட கனம் அதுவா போய் விழட்டும். ஆணியைப் பாரு, சுத்தியலைப் பாக்காத."

இரண்டாவது பட்டது. மூன்றாவதில் ஆணி அசைந்தது. மூட்டை மூட்டையாய் ஈரத்துணி இழுத்த கை அது, பலத்துக்குக் குறைவில்லை, குறிதான் வேண்டியிருந்தது. நாலாவது ஆணியிலிருந்து குறியும் வந்துவிட்டது. சத்தம் கேட்டு மதிலுக்கு மேல் கண்டக்டரின் தலை வந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு இறங்கிப்போனார். ஒரு பக்கம் முடித்து அடுத்த பக்கம் போனார்கள். கோழிகள் மிரண்டு மூலையில் ஒண்டி, அப்புறம் பழகிப்போய், கம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டன. தூறல் விழ ஆரம்பித்தது. இருவரும் உள்ளே போகவில்லை.

"வளையலையே ஒண்ணுகூட," என்றார் அவர், ஒரு நேரத்தில்.

"நீங்க பிடிச்சுக்கிட்டு இருக்கீங்கள்ல," என்றாள்.

கடைசி ஆணி கூரைக்கு அடியில், முட்டைக் கதவுக்கு மேலே இருந்தது. அதைத் தலை மட்டத்துக்கு இறக்கிவிட்டு அவள் சுத்தியலைக் கீழே போட்டாள். அவர் பலகையை விரலால் தடவிப் பார்த்தார். எங்கும் தட்டுப்படவில்லை.

"இனிமே பிரிக்கணும்னா பலகை உடைஞ்சாத்தான் உண்டு," என்றார்.

"யாரும் பிரிக்க வேணாம்."

உள்ளே போய்க் கை கால் கழுவிக்கொண்டாள். துணிப்பெட்டியைத் திறந்து, அடியில் கைவிட்டு, ஏப்ரனை எடுத்தாள். அவர் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அதை உதறினாள். நான்காக மடித்த கோடு நூல் பிடித்த மாதிரி அதில் விழுந்திருந்தது. உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள், கோடு போகவில்லை. போகாவிட்டால் போகிறது, நாளை நனைந்தால் தானாகப் போய்விடும் என்று, வாசல் பக்கத்தில் அது எப்போதும் தொங்குகிற இடத்தில் அதை மாட்டினாள்.